எங்கள் பள்ளியைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்ற நினைக்கிறோம். மாணவர்களை இதில் எப்படி ஈடுபடுத்துவது?

மரக்கன்று நடுவதில் தொடங்காதீர்கள். குறிப்பாக ஜூன் மாதத்தில் வேண்டாம்.

புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். பள்ளியின் சுற்றுச்சூழல் மாணவர் குழுவான பசுமைப் படைக்குப் பொறுப்பேற்ற முதல் வருடம், சுற்றுச்சூழல் தினத்தையொட்டி நாற்பது கன்றுகள் நட்டோம். எங்கள் ஊருக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதுவரை வெயிலைத் தாங்கிய கன்றுகளையும் மே விடுமுறை கொண்டுபோய்விட்டது. பிழைத்தவை மூன்று. பள்ளி திறந்த அன்று ஒரு சிறுமி காய்ந்த குச்சியைத் தொட்டுக்கொண்டு, "டீச்சர், இது நான் வைத்தது" என்றாள். அந்தக் குரல் இன்னும் எனக்குள் இருக்கிறது.

ஏன் காய்ந்தது என்று அவள் வகுப்பையே கேட்டேன். தண்ணீர் இல்லை என்றார்கள். பள்ளித் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் முதல் வேலையானது.

மாலை மணி அடித்ததும் ஒழுகும் குழாய்களின் கீழே வாளி வைத்தார்கள். காலையில் வந்து அளந்து நோட்டில் எழுதினார்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் வீணாகும். அந்த நோட்டைப் பார்த்த தலைமையாசிரியர் அந்த வாரமே எல்லாக் குழாய்க்கும் வாஷர் மாற்றச் சொன்னார். நான் எத்தனையோ முறை வாயால் சொல்லி நடக்காத வேலை அது.

அடுத்தது சத்துணவுத் தட்டு கழுவும் தண்ணீர். தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்ததை, பிள்ளைகள் வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்குத் திருப்பினார்கள். இரண்டாவது வாரமே நாற்றம் அடித்தது, சோற்றுப் பருக்கைகளால். தட்டை முதலில் ஒரு வாளியில் வழித்துப் போட்டுவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்ற விதியை அவர்களே கொண்டுவந்தார்கள். வழித்தது எருக்குழிக்குப் போகிறது. வாய்க்கால் ஓரத்தில் வாழையும் கல்வாழையும் வைத்தோம்.

கணக்குப் பாடத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். பிள்ளைகள் கட்டடத்தைச் சுற்றி டேப் பிடித்து அளந்தார்கள்: ஒரு கட்டடத்தின் கூரை 150 சதுர மீட்டர். 40 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே நாளில் 6,000 லிட்டர்! மழைநீர் சேகரிப்புத் தொட்டி எங்கள் பள்ளியில் ஏற்கெனவே இருந்தது, மண் மூடிக் கிடந்தது. இந்தக் கணக்கைப் பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகள் படித்தார்கள். ஒரு கொத்தனார் அப்பா கூலி வாங்காமல் வந்து தூர்வாரிக் கொடுத்தார்.

அதன் பிறகுதான், ஐப்பசி முதல் மழை பார்த்து, புங்கனும் பூவரசும் நாவலும் நட்டோம். நாற்பது இல்லை, பன்னிரண்டு. விடுமுறையில் யார் எந்த நாள் தண்ணீர் ஊற்றுவது என்ற பட்டியலைப் பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பிள்ளைகள் எழுதினார்கள். கேட்டைத் திறந்துவிடும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஓர் அம்மா ஏற்றுக்கொண்டார். பதினொன்று நிற்கின்றன.

குப்பையிலும் இதே வழிதான். வெள்ளிக்கிழமை தார்ப்பாயில் கொட்டி, பிரித்து, எண்ணச் சொல்லுங்கள். எங்களுக்கு அதிகம் கிடைத்தவை மிட்டாய் உறைகளும் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாக்களும். மைப் பேனாவுக்கு மாறலாம் என்றது ஐந்தாம் வகுப்பு. உறைகளுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. வாசல் கடைக்கார அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எட்டாம் வகுப்பை வைத்துத் தொடங்காதீர்கள், அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஆறாம் வகுப்பிடம் நோட்டைக் கொடுங்கள். ஏழாம் வகுப்புக்குப் போகும்போது அவர்களே புதிய ஆறாம் வகுப்புக்கு வாளி வைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.