அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் எந்த வழக்கையும் போடலாமா? அதன் அதிகாரம் எதுவரை?

போட முடியாது. இந்தியாவில் மத்திய சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் பெரும்பாலும் ஒரே மாவட்ட நீதிமன்றம்தான் விசாரிக்கும். அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் தனி, ஃபெடரல் (மத்திய) நீதிமன்றங்கள் தனி. விவாகரத்து, உயில், வாடகைத் தகராறு எல்லாம் மாநிலத்துக்கே. அமெரிக்க அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவும், காங்கிரஸ் என்ற அந்நாட்டு நாடாளுமன்றத்தின் சட்டமும் இரண்டும் அனுமதித்தால்தான் ஃபெடரல் நீதிபதி வழக்கைத் தொடவே முடியும்.

சிவில் வழக்குக்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான். முதலாவது, உங்கள் கோரிக்கையே ஃபெடரல் சட்டத்தின் அடிப்படையில் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு அந்தச் சட்டத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கும் என்பது போதாது. கென்டக்கியில் 1871-இல் ரயில் விபத்தில் காயம்பட்ட மாட்லி தம்பதிக்கு, சமரசமாக ஆயுள் முழுக்க இலவச பாஸ் தருவதாக ரயில்வே கம்பெனி ஒப்புக்கொண்டது. இலவச பாஸைத் தடுக்கும் சட்டம் 1906-இல் வந்ததும் கம்பெனி கைவிரித்தது. தம்பதி ஃபெடரல் கோர்ட்டில் ஜெயித்தார்கள். ஆனால் 1908-இல் சுப்ரீம் கோர்ட், இரு தரப்பும் கேட்காமலேயே, “இது ஒப்பந்த வழக்கு, இங்கே வந்திருக்கவே கூடாது” என்று முடித்துவிட்டது. மாநில கோர்ட்டில் முதலிலிருந்து தொடங்கி, மறுபடி மேலே வந்து, 1911-இல் தோற்றார்கள். அதிகாரமில்லாத குறையை இரு தரப்பும் சேர்ந்து சம்மதித்தாலும் சரிசெய்ய முடியாது. மேல்முறையீட்டில்கூட அது கிளம்பும்.

இரண்டாவது வழி, வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்து, தொகை 75,000 டாலரைத் தாண்டுவது. சரியாக 75,000 என்றால் போதாது. வட்டியும் செலவும் கணக்கில் வராது. வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலம் என்றாலே இந்த வழி அடைபடும். சாதாரண கம்பெனிக்குப் பதிவான மாநிலம், தலைமையகம் உள்ள மாநிலம் இரண்டுமே சொந்தம். எல்எல்சி (உறுப்பினர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கம்பெனி வகை) என்றால் ஒவ்வொரு உறுப்பினரின் மாநிலத்தையும் பார்க்க வேண்டும். வக்கீல்களே அதிகம் சறுக்கும் இடம் இதுதான். நம்மவர்கள் கவனிக்க: டெக்சாஸில் நிலையாகக் குடியிருக்கும் க்ரீன் கார்டுக்காரர், டெக்சாஸ்காரர் மீது இந்த வழியில் போக முடியாது.

வாசலைத் தாண்டினாலும் நிஜமான பாதிப்பு வேண்டும்: உங்களுக்கே நேர்ந்த சேதம், அது பிரதிவாதியால் வந்தது, தீர்ப்பால் தீரக்கூடியது. “அரசு சட்டத்தை மீறுகிறது, நான் குடிமகன்” என்பது மட்டும் போதாது. கருத்துக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். 1793-இல் ஜனாதிபதி வாஷிங்டனின் அரசு சட்ட யோசனை கேட்டபோதே நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள்.

அதிபரின் ஆணையை ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுக்க நிறுத்தலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2025 ஜூனில் சுப்ரீம் கோர்ட் தந்த டிரம்ப் எதிர் CASA (குடியேறிகளுக்காக இயங்கும் அமைப்பு) தீர்ப்புக்குப் பிறகு, தடையாணை வழக்காடியவர்களுக்கு முழு நிவாரணம் தரும் அளவோடு நிற்க வேண்டும். ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட பலர் சார்பில் ஒருசிலர் போடும் குழு வழக்கு என்ற வழி இன்னும் திறந்திருக்கிறது, அதற்கென்று தனி நிபந்தனைகளோடு.

மாநில கோர்ட்டில் உங்கள் மீது வழக்கு வந்து, அதை ஃபெடரலுக்கு மாற்ற நினைத்தால், சம்மன் கைக்கு வந்ததிலிருந்து பொதுவாக 30 நாள்தான். வேறு மாநிலத்தவர் என்ற காரணம் மட்டும் இருந்து, வழக்கு உங்கள் சொந்த மாநிலத்திலேயே போடப்பட்டிருந்தால் மாற்றவும் முடியாது.