ஆர்.வி. பயணத்துக்குக் கடையில் விற்கும் முதலுதவிப் பெட்டி போதுமா?

கேள்வி இதுதான்: ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், ஏப்ரலில் வாடகைக்கு ஆர்.வி. (படுக்கை, அடுப்படியெல்லாம் உள்ள வீட்டு வண்டி) எடுத்து ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா, அரிசோனா, யூட்டா என்று ஒரு சுற்று போகிறோம், கடையில் விற்கும் முதலுதவிப் பெட்டி ஒன்று வாங்கிப் போட்டால் போதுமா?

போதாது. அதற்காக இன்னும் பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அட்டையில் நூறு பொருள், இருநூறு பொருள் என்று போட்டிருக்கும். திறந்தால் பெரும்பாலும் பேண்ட்-எய்டும் ஆல்கஹால் துடைப்பானும்தான். ஆர்.வி.யில் அடிபடும் விதம் வேறு. குறுகலான அடுப்படியில் சுட்டுக்கொள்வது, ஸ்லைடு-அவுட்டிலோ (வெளியே நீட்டி அறையைப் பெரிதாக்கும் பகுதி) ஹிட்ச்சிலோ (இழுவைக் கொக்கி) விரல் நசுங்குவது, இறங்கும் படியில் கால் பிசகுவது, வெளியே போனால் முள். இவற்றை நினைத்துத்தான் பெட்டியை நிரப்ப வேண்டும்.

முதலில் தீக்காயம். இதற்கு முதல் மருந்து தண்ணீர்தான், அது பெட்டியில் இருக்காது. சுட்ட இடத்தில் ஓடும் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் விட வேண்டும். ஹூக்கப் (வண்டிக்குத் தண்ணீர், மின்சார இணைப்பு) இல்லாத இடத்தில் தங்கினால் டேங்க் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்போம், கடைசி நாளில் அது காலியாகும் நிலையில் இருக்கும். அதனால் இரண்டு மூன்று கேலன் கேன்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். பிறகு ஒட்டாத காஸ் (gauze) துணியைத் தளர்வாகச் சுற்றினால் போதும். பற்பசை, பேனா மை, இட்லி மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். அம்மாவிடம் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். சுட்டுக்கொண்ட பிறகு சொன்னால் மாவு ஏற்கெனவே கையில் அப்பியிருக்கும்!

அடுத்தது முள். ஜோஷுவா ட்ரீயில் சோயா (Cholla) கள்ளித் தோட்டம் என்று ஓர் இடம் இருக்கிறது. மாலை வெயிலில் படம் எடுக்க எல்லோரும் அங்கே போவார்கள். லேசாக உரசினாலே அந்தக் கள்ளி துண்டாகக் கழன்று வந்து தோலிலும் துணியிலும் மாட்டிக்கொள்ளும். கையால் பிடித்து இழுத்தால் அந்தக் கையிலும் குத்தும். சாதாரணச் சீப்பு ஒன்றைத் துண்டுக்கும் தோலுக்கும் நடுவில் விட்டுத் தட்டிவிட வேண்டும். மிச்சமிருக்கும் முட்களை இடுக்கியால் எடுக்கலாம். கடைப் பெட்டிகளில் வரும் பிளாஸ்டிக் இடுக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நுனி கூரான எஃகு இடுக்கி ஒன்று வாங்குங்கள். பின்னால் என்றைக்காவது விர்ஜீனியா, பென்சில்வேனியா பக்கம் போனால் உண்ணி எடுக்கவும் அதேதான். தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். தீக்குச்சி, வாசலின் வித்தையெல்லாம் கூடாது.

பாம்புக்கடிப் பெட்டி என்று விஷத்தை உறிஞ்சும் பம்பு ஒன்று விற்கிறார்கள். அதில் காசைப் போடாதீர்கள். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கட்டுப்போடக் கூடாது, ஐஸும் வைக்கக் கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து 911ஐ அழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவை தவிர சுளுக்குக்கு க்ரேப் பேண்டேஜ், நான்கு அங்குல காஸ் பாக்கெட்டுகள், நல்ல ஒட்டு நாடா, நைட்ரைல் கையுறை, நடந்து வரும் கொப்புளத்துக்கு மோல்ஸ்கின் என்ற ஒட்டுத் துணி, ஒவ்வாமைக்கு செட்டிரிசின், பேதிக்கு லோப்பரமைடு. ஊரிலிருந்து இனி யாராவது வந்தால் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட் கொண்டுவரச் சொல்லலாம். பாலைவனக் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் குறைவது தெரியாது, வயதானவர்கள் தாகமென்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது அப்பா அம்மாவின் மாத்திரைகளைப் பற்றித்தான். அங்குள்ள பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்குள்ள எமர்ஜென்சி மருத்துவருக்குப் புரியாது. ஒவ்வொன்றின் மூல மருந்துப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை என்று ஒரு தாளில் எழுதி, பயணக் காப்பீட்டு அட்டை நகலோடு பெட்டிக்குள் வையுங்கள். பாரசிட்டமாலுக்கு இங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர். ஊர் மாத்திரையையும் டைலனாலையும் சேர்த்துப் போட்டால் ஒரே மருந்தை இரண்டு முறை விழுங்கியதாகிவிடும். சளி மருந்துகள் சிலவற்றிலும் அது உண்டு. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் மருத்துவரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைத் தராதீர்கள். இன்சுலின் இருந்தால் ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். ஒருமுறை உறைந்துவிட்டால் அது பயன்படாது. மற்ற மருந்துகளையும் வெயிலில் பூட்டிய வண்டியில் விட்டுவிட்டு நாள் முழுக்கச் சுற்றப் போகாதீர்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? கதவுக்குப் பக்கத்தில். கட்டிலுக்கு அடியில் வேண்டாம். ஸ்லைடு-அவுட்டை உள்ளே இழுத்துவிட்டால் சில அலமாரிகளைத் திறக்கவே முடியாது, வண்டியைக் கிளப்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். அப்புறம், நடைபாதையில் இரண்டு மைல் உள்ளே போய் வழுக்கினால் வண்டியில் இருக்கும் பெட்டியால் என்ன பயன்? காஸ், க்ரேப் பேண்டேஜ், இடுக்கி, சீப்பு, ஓ.ஆர்.எஸ்., அன்றைய மாத்திரை ஆகியவற்றை ஒரு ஜிப் பையில் போட்டு முதுகுப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெட்டியும் உதவாத ஆபத்து ஒன்று உண்டு: கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று வரும். பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவோம். வண்டிக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு இப்படி இருந்தால் எல்லோரும் உடனே வெளியே வந்து 911ஐ அழையுங்கள். சாவி வாங்கும்போதே கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்து, அதன் மேல் போட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

அந்தப் பூங்காக்களில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தைய ஐபோன் என்றால் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம், அதை எப்படிச் செய்வது என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். பக்கத்து மருத்துவமனையின் முகவரி, தங்கும் இடத்தின் எண், விஷ முறிவுத் தகவல் மையத்தின் 1-800-222-1222 மூன்றையும் அதே மாத்திரைத் தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.