கரும்பு வேர்ச் சீவலில் 40 மைக்ரானுக்குக் கீழே கான்ஃபோகல் நுண்ணோக்கி ஏன் இருட்டாகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து நீங்கள் கேட்டது இது: டொங்காட் பக்கத்துக் கரும்பு வேரை 200 மைக்ரானாகச் சீவி, உள்ளே வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா பூஞ்சைக்கு, அதன் செல்சுவரில் ஒட்டும் பச்சை டபிள்யூ.ஜி.ஏ. சாயம் ஏற்றி, 63 மடங்கு பெரிதாக்கும் (63எக்ஸ்) எண்ணெய் ஆப்ஜெக்டிவ் லென்ஸில் பார்த்தால் 40 மைக்ரானுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. லேசரைக் கூட்டலாமா?

வேண்டாம். ஒரு தளத்தை மட்டும் படமெடுத்தாலும் லேசர் மேலே உள்ள எல்லாத் தளங்களையும் சுட்டுக்கொண்டுதான் இறங்குகிறது. ஆழம் தெரிவதற்குள் மேல்பக்கச் சாயம் வெளுத்துவிடும்.

முதலில் சாயம் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். சீவலைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது இந்தக் கனத்துக்கு உதவாது. நடுப்பகுதி இரண்டு பக்கமிருந்தும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. சாயமேற்றிய சீவலை 4% அகரோஸ் கூழில் செங்குத்தாக நிறுத்தி, குறுக்கே 50 மைக்ரானாக வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். விளிம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் கோளாறு சாயத்தில்தான். ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

நடுவிலும் பச்சை இருந்தால் ஒளிதான் வழியில் சிதறுகிறது. கரும்பு வேரில் இதற்கு முதல் காரணம் காற்று. வேரின் வெளித்திசுவான புறணியில் பெரிய காற்றறைகள் உண்டு. காற்றின் ஒளிவிலகல் எண் 1.00, நீர் 1.33, செல்சுவர் அதைவிட அதிகம். ஒவ்வொரு குமிழியின் ஓரத்திலும் ஒளி திசைமாறுகிறது. அப்படித் திரும்பிய ஒளியைத்தான் பின்ஹோல் (உணரிக்கு முன்னால் உள்ள சிறு துளை) தடுத்து நிறுத்துகிறது. பின்ஹோலைத் திறந்துவிட்டால் வெளிச்சம் கூடும், கூடவே மூட்டமும் வரும். ஆகவே திசுவைப் பதப்படுத்த 4% பாராஃபார்மால்டிஹைடில் போடும்போதே வெற்றிடத்தில் வைத்து, குமிழி வருவது நின்று சீவல் அடியில் மூழ்கும்வரை காற்றை இழுங்கள். மிதக்கும் சீவலைப் படமெடுத்துப் பயனில்லை.

அடுத்தது ஆப்ஜெக்டிவ். எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.52, உங்கள் மாதிரி நீர்க்கரைசலில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தால் 10–20 மைக்ரானிலேயே குவியம் கலங்கத் தொடங்கும். கருவி 40 என்று காட்டும் இடமும் உண்மையில் 35 மைக்ரான்தான், அதற்கும் குறைவாகவே இருக்கலாம். 25எக்ஸ் அல்லது 40எக்ஸ் நீர் ஆப்ஜெக்டிவ் எடுத்து, லென்ஸின் மேலுள்ள திருத்த வளையத்தை (குவியக் கலக்கத்தைச் சரிசெய்வது) சீவலின் மேற்பரப்பில் அல்லாமல், நீங்கள் பார்க்க வேண்டிய ஆழத்தில் வைத்துத் திருகுங்கள். எங்கே வெளிச்சம் உச்சமோ அங்கே நிறுத்துங்கள்.

இவ்வளவும் செய்தாலும், தெளிவாக்காத திசுவில் 50–100 மைக்ரான்தான் நடைமுறை எல்லை. அதற்கு மேல் வேண்டுமானால் திசுவை ஒளி ஊடுருவும்படி தெளிவாக்கும், 2015-இல் வெளிவந்த கிளியர்சீ கரைசல் இருக்கிறது: 10% சைலிட்டால், 15% சோடியம் டிஆக்சிகோலேட், 25% யூரியா. ஒரு வாரம் ஊறவிட்டு, இடையிடையே கரைசலை மாற்றி, நன்றாக அலசிய பிறகு சாயமேற்றுங்கள். பிறகு 25, 50, 80% கிளிசரால் என்று படிப்படியாக ஏற்றி மூடுங்கள். ஒரேயடியாக 80-இல் போட்டால் செல்கள் சுருங்கிவிடும்.

பூஞ்சை பரவிய அளவை எண்ணுவதுதான் நோக்கம் என்றால் இத்தனையும் தேவையில்லை, 70 மைக்ரான் சீவல்களே போதும். வேரில் ஒட்டிய மணலை மட்டும் முதலில் தூரிகையால் நீக்கிவிடுங்கள், ஒரு துகள் சிக்கினாலும் பிளேடு சீவலைக் கிழித்துவிடும்.