அடுப்படிக் கேள்விகள்: ஏர் ஃப்ரையரில் போச்டு எக் வருமா?

இந்த முறை வந்த கேள்விகளில் முட்டைதான் அதிகம், அதிலும் போச்டு எக், அதாவது ஓட்டை உடைத்துச் சுடுதண்ணீரில் விட்டு, மஞ்சள் கரு இளகலாக இருக்கும்படி வேகவைக்கும் முட்டை. கீரை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், கோபம் வேண்டாம்.

கேள்வி (வாசகி, கோவை): அக்கா, ஏர் ஃப்ரையரில் போச்டு எக் செய்யலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பீங்கான் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து, முட்டையை உடைத்து விட்டு, 200 டிகிரியில் 5 நிமிடம் வைத்தேன். மேலே மஞ்சள் கரு தோல் கட்டிவிட்டது, அடியில் வெள்ளைக்கரு சளசளவென்று பச்சையாகவே இருந்தது. இன்னொரு 5 நிமிடம் வைத்தால் மஞ்சள் கரு மாவாக இறுகிவிட்டது. என் மெஷினில் ஏதாவது கோளாறா?

மெஷினில் கோளாறு இல்லை, தண்ணீர்தான் கோளாறு. ஏர் ஃப்ரையருக்குள் இருப்பது மேல் பக்கம் ஒரு காயில் (சூடேறும் கம்பிச்சுருள்), அதன் சூட்டைக் கீழே தள்ள ஒரு ஃபேன், அவ்வளவுதான். சிக்கன், உருளைக்கிழங்கு மாதிரி மேல்தோல் மொறுமொறுவென்று ஆக வேண்டியதற்கு அது பிரமாதம். ஆனால் போச்டு எக்குக்கு வேண்டியது, எல்லாப் பக்கமும் சூழ்ந்த தண்ணீரில் கிடைக்கும் நிதானமான சூடு. வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் வெளுக்க ஆரம்பித்தாலும் முழுசாக இறுக 80 டிகிரியை ஒட்டி வர வேண்டும். மஞ்சள் கருவோ 65-ல் கெட்டியாக ஆரம்பித்து 70-ல் இறுகியே போய்விடும். ஆக வெள்ளைக்கு அதிகச் சூடு, மஞ்சளுக்குக் குறைவு. உங்கள் கிண்ணத்தில் நடந்தது தலைகீழ், ஏனென்றால் காயிலுக்குப் பக்கத்தில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது மஞ்சள் கரு, குளிர்ந்த தண்ணீரில் கிடந்தது வெள்ளை. காற்று தண்ணீரைச் சூடாக்குவதில் படு மந்தம், போதாததற்குத் தண்ணீர் மேலாக ஆவியாகும்போது தன் சூட்டிலும் கொஞ்சத்தைக் கொண்டு போய்விடும். திரையில் 200 என்று காட்டுவது காற்றின் சூடுதானே தவிர கிண்ணத்துத் தண்ணீரின் சூடு இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள். உள்ளங்கையில் அடங்குகிற எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்து உள்ளே லேசாக நெய் தடவுங்கள். பீங்கானும் சரிதான், ஆனால் அது சூடேற நேரம் எடுக்கும், சிலிக்கான் கப் அதைவிட மந்தம். கிண்ணத்தை ஏர் ஃப்ரையருக்குள் வைத்து 180 டிகிரியில் 3 நிமிடம் ஓடவிடுங்கள். அதற்குள் பக்கத்தில் கெட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் 4 மேசைக்கரண்டி, அதாவது 60 மில்லி, கிண்ணத்தில் விட்டு ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். முட்டையை நேராக உடைத்து ஊற்றாமல், தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்து வைத்து அதிலிருந்து தண்ணீருக்குள் சரித்து விடுங்கள், ஓடு விழுந்தாலும் முட்டை கெட்டிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். விட்ட மாத்திரத்தில் வெள்ளைக்கருவின் ஓரம் கண்ணாடி நிறம் மாறிப் பால் நிறமாக வேண்டும். மாறவில்லையா, தண்ணீர் ஆறிவிட்டது என்று அர்த்தம், மேலே செய்யாமல் இன்னும் கொஞ்சம் கொதிநீர் சேருங்கள். மஞ்சள் கரு தண்ணீருக்கு வெளியே தெரிந்தாலும் அதே வைத்தியம்தான்.

அப்புறம் முக்கியமானது, மூடி. ஒரு சின்ன எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டால் காற்று முட்டையைத் தொடாது, உள்ளே நீராவி நிற்கும், மேல்தோல் கட்டாது. 180-லேயே 6 நிமிடம். இடுக்கியால் தட்டை எடுத்து, மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள வெள்ளையைக் கரண்டி முனையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். கரண்டியில் ஒட்டிக்கொண்டு நூல் மாதிரி வந்தால் இன்னும் ஒரு நிமிடம், பிறகு இன்னொரு நிமிடம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை என்றால் 8 நிமிடத்தைத் தாண்டும். வெந்ததும் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு டீ போடப் போகாதீர்கள், அந்தச் சூட்டிலேயே மஞ்சள் கரு இறுகிவிடும். ஜல்லிக் கரண்டியால் அள்ளி, மடித்த துணியில் ஒரு நொடி தண்ணீரை ஒற்றிவிட்டுத் தட்டுக்கு மாற்றுங்கள். மேலே இடித்த மிளகு. பொடித்த மிளகு இல்லை, இடித்தது.

கேள்வி (அறை எடுத்துத் தங்கியிருக்கும் வாசகர், சென்னை): தண்ணீரில் வினிகர் விட வேண்டுமா? தண்ணீரைச் சுழற்றிவிட்டு நடுவில் முட்டையை விட வேண்டும் என்கிறார்களே?

இரண்டும் வேண்டாம். அது அடுப்பில் அகலமான பாத்திரத்தில் செய்பவர்களுக்கு. புளிப்பு சேர்ந்தால் வெள்ளைக்கரு சீக்கிரம் இறுகும், சுழற்றினால் பிரிந்து ஓடாமல் மஞ்சளைச் சுற்றிக்கொள்ளும். உங்களுக்குக் கிண்ணமே சுவர். 60 மில்லித் தண்ணீரில் வினிகர் விட்டால் முட்டை ஊறுகாய் வாடைதான் அடிக்கும்.

அந்த அக்கறையைப் புது முட்டை பார்த்து வாங்குவதில் காட்டுங்கள். முட்டை பழசாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், கெட்டியான வெள்ளைக்கரு நீர்த்துப்போகும், அதுதான் தண்ணீரில் கலந்து கலங்கலாகத் திரிவது. ஒரு டம்ளர் தண்ணீரில் முட்டையைப் போடுங்கள். படுத்துக் கிடந்தால் புதுசு, அடியில் நிமிர்ந்து நின்றால் பழசு, ஆம்லெட்டுக்கு ஆகும், மிதந்தால் குப்பைக்கு. நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்து கடையில் வெளியிலேயே அடுக்கியிருக்கும் முட்டைக்கு, அதுவும் மே மாத வெயிலில், இந்தச் சோதனை தேவைதான்.

கேள்வி (வாசகி, சேலம்): தட்டுக்குப் பதில் அலுமினியம் ஃபாயில் போட்டு மூடலாமா?

விளிம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் சரி. சும்மா மேலே வைத்தால் ஃபேன் காற்றில் பறந்து காயிலில் போய் ஒட்டிக்கொள்ளும். தட்டு இருக்கும்போது எதற்கு அந்த வம்பு?

கேள்வி (வாசகி, மதுரை): வீட்டில் நாலு பேர். என் ஏர் ஃப்ரையரில் இரண்டு கிண்ணத்துக்கு மேல் போகாது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சுடச்சுடக் கொடுக்க வழி உண்டா?

உண்டு, ஏர் ஃப்ரையரை மூடி வைத்துவிட்டு இட்லிப் பாத்திரத்தை எடுங்கள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். துளை இல்லாத இட்லித் தட்டில் எண்ணெய் தடவி, குழிக்கு ஒரு முட்டை உடைத்து விட்டு, தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகு உள்ளே வைத்தால் 4 நிமிடத்தில் மஞ்சள் கரு இளகியிருக்கும், 7 நிமிடத்தில் இறுகிவிடும். பெரிய முட்டை குழியை மீறி வழியும், நடுத்தர அளவு பார்த்து எடுங்கள். மூடியில் ஒரு துணியைச் சுற்றிவிட்டால் ஆவித்தண்ணீர் முட்டை மேல் சொட்டாது. சூடு சுற்றிலும் சமமாகப் படுவதால் ஏர் ஃப்ரையர் முட்டையைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும், சொல்லப்போனால் ஒரு நேரத்துக்கு இரண்டு முட்டைக்கு மேல் என்றால் ஏர் ஃப்ரையரை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

ஏர் ஃப்ரையரில்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருந்தால், தண்ணீரை விட்டுவிட்டுக் குழம்புக்குப் போங்கள். கொதிக்கிற காரக்குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடி வைப்பது நம் வீடுகளில் இருக்கிற வழக்கம்தானே? துனிசியா பக்கம் தக்காளியில் ஷக்ஷூகா என்று செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். மீந்துபோன தக்காளித் தொக்கை, உள்ளே அடங்குகிற ஒரு கேக் டின்னில் போட்டு அடுப்பில் நன்றாகக் கொதிக்க வைத்து, கரண்டியால் நாலு குழி பறித்து, குழிக்கு ஒரு முட்டை விட்டு மூடி, 160 டிகிரியில் 8 நிமிடம். தொக்கு தண்ணீரைவிடக் கெட்டி, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முட்டையும் உருண்டு ஓடாது. தொக்கு ஆறியிருந்தால் மட்டும் கோவை வாசகியின் கதைதான் உங்களுக்கும். தோசைக்கு இதைவிடத் தொட்டுக்கொள்ள வேறு வேண்டாம்.

கேள்வி (வாசகர், ஊட்டி): எங்கள் ஊரில் எதுவுமே சீக்கிரம் வேகாது. நீங்கள் சொல்லும் நிமிடக்கணக்கு எங்களுக்குச் சரிப்படுமா?

கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத்தான் அது பெரிய தொல்லை. முட்டைக்கு 80 டிகிரி போதும் என்பதால் காரியம் கெடாது. ஆனால் கிண்ணத்தில் விடும்போதே தண்ணீரின் சூடு குறைவு, உங்கள் ஊர்க் குளிரில் முட்டையும் சில்லென்று இருக்கும். முட்டையை 5 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு உடையுங்கள், நேரத்தில் 2 நிமிடம் சேருங்கள்.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): மகள் 5 மாத கர்ப்பமாக இருக்கிறாள். மஞ்சள் கரு இளகின முட்டைதான் வேண்டும் என்கிறாள். வெளிநாட்டில் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்களாம். நாட்டுக்கோழி முட்டை என்றால் கொடுக்கலாமா அம்மா?

கொடுக்காதீர்கள். அவள் படித்தது அநேகமாக பிரிட்டன் செய்தியாக இருக்கும். அங்கே 2017-ல், சிங்க முத்திரை குத்திய முட்டையைக் கர்ப்பிணிகளும் இளக்கமாகச் சாப்பிடலாம் என்று உணவுத் தர அமைப்பு அறிவித்தது. அந்த முத்திரைக்குப் பின்னால் கோழிக்குத் தடுப்பூசி, பண்ணைச் சோதனை, எந்தப் பண்ணை முட்டை என்று கண்டுபிடிக்கும் ஏற்பாடு எல்லாம் இருக்கிறது. நம் தெருக்கடையில் சில்லறையாக வாங்கும் முட்டைக்கு அந்த அறிவுரையைப் பொருத்த முடியாது. சால்மொனெல்லா கிருமி ஓட்டின் மேல் மட்டுமல்ல, சில சமயம் முட்டைக்குள்ளேயே இருக்கும், அது நாட்டுக்கோழியா பிராய்லரா என்று பார்த்து வருவதில்லை. 71 டிகிரி வரை வெந்தால் பயமில்லை, அப்படியென்றால் மஞ்சள் கரு இறுகித்தான் ஆக வேண்டும். கிண்ண முறையில் 11, 12 நிமிடம் வைத்து, நடுவில் கீறிப் பார்த்துக் கொடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்கு. மகளிடம் பிரசவம் வரைக்கும்தான் என்று சொல்லுங்கள்.

கேள்வி (வாசகர், திருப்பூர்): எண்ணெயே இல்லாமல் முட்டை சாப்பிடலாம் என்பதற்காக ஏர் ஃப்ரையர் வாங்கலாம் என்றிருக்கிறேன். லாபமா?

முட்டைக்காக மட்டும் என்றால் வேண்டாம் ஐயா. ஆஃப் பாயிலுக்கு நீங்கள் விடும் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் இருப்பது சுமார் 40 கலோரி, முட்டையில் 70 சொச்சம். அந்த 40-ஐ மிச்சம் பிடிக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம், இட்லிப் பாத்திரத்தில் அது இலவசமாகவே கிடைக்கும். கரண்ட் பெரிய விஷயமில்லை, 1500 வாட் மெஷின் 10 நிமிடம் முழுசாக ஓடினாலும் கால் யூனிட்தான். மீன், வாழைப்பூ வடை, சேனை என்று தினமும் வறுக்கிற வீடாக இருந்தால் வாங்குங்கள், முட்டை கூடவே நடக்கும்.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): செய்தபின் கூடை முழுக்க முட்டை வாடை. அடுத்து கேக் வைத்தால் கேக்கும் அதே வாடை. என்ன செய்ய?

கூடை ஆறியதும் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போட்டு மெத்தென்ற ஸ்பாஞ்சால் கழுவுங்கள். கம்பி நார் போட்டால் மேல்பூச்சு போய்விடும். சூட்டோடு பச்சைத்தண்ணீரையும் ஊற்றாதீர்கள். கழுவியும் போகவில்லை என்றால் வாடை கூடையில் இல்லை, மேலே காயிலைச் சுற்றி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாக ஆறிய பின் மெஷினைச் சாய்த்து, பிழிந்த ஈரத்துணியால் அங்கே துடையுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைத் தோலைப் போட்டு 160 டிகிரியில் 5 நிமிடம் ஓடவிட்டு, கூடையைத் திறந்தே வைத்துவிடுங்கள். கேக்கை மறுநாள் வையுங்கள்.