விலை பேசப்பட்ட மேற்கு ஃபுளோரிடா

கேள்வி: அமெரிக்க மாநில எல்லைகள் வேறு விதமாக வரையப்பட்டிருந்தால் சில அதிபர் தேர்தல்களின் முடிவே மாறியிருக்கும் என்று சிலர் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். நடக்காத ஒன்றைப் பற்றிய இந்தக் கணக்கால் யாருக்கு என்ன பயன்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கணக்கைச் சரியாகப் போட்டால் நிச்சயம் பயன் உண்டு. நடக்காதவை என்று நீங்கள் ஒதுக்குகிறவற்றுள் சில, நடந்துவிடும் நிலை வரை வந்து நின்றுபோனவை.

ஃபுளோரிடாவின் வடமேற்கில், அலபாமாவின் தென் எல்லையை ஒட்டி நீண்டு கிடக்கும் கடலோரப் பகுதியைத் தன்னோடு இணைத்துக்கொள்ள அலபாமா 19ஆம் நூற்றாண்டில் பலமுறை முயன்றது. 1869இல் பத்து லட்சம் டாலர் என்று விலையே பேசப்பட்டது. அப்பகுதி வாக்காளர்களும் இணைப்பை ஆதரித்தே வாக்களித்தார்கள். ஆயினும் காரியம் கைகூடவில்லை. 131 ஆண்டுகளுக்குப் பின், 2000ஆம் ஆண்டுத் தேர்தலில், ஜார்ஜ் புஷ் ஃபுளோரிடாவை வெறும் 537 வாக்குகளில் வென்று, அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலமும் அனுப்பும் பிரதிநிதிகளான தேர்வாளர்களில் அதன் பங்கான 25 பேரையும் பெற்று, 270 தேவைப்பட்ட இடத்தில் 271 என்ற எண்ணிக்கையுடன் அதிபரானார். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் முந்தியிருந்தவர் அல் கோர். விலை பேசப்பட்ட அந்தப் பகுதியில் ஒகலூசா என்ற மாவட்டம் ஒன்றே தனியாகப் புஷ்ஷுக்கு 30,000க்கும் மேற்பட்ட முன்னிலையைத் தந்தது. அந்த வாக்குகள் அலபாமாவில் விழுந்திருந்தால், எப்படியும் புஷ் வெல்லவிருந்த ஒரு மாநிலத்தில் அவருடைய முன்னிலையைக் கூட்டியிருக்குமே தவிர, ஃபுளோரிடாவை அவருக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்காது. அப்பகுதியின் பெரும்பாலான ஊர்களில் இன்றும் அலபாமாவின் நேரம்தான் வழக்கில் உள்ளது. 2000ஆம் ஆண்டுத் தேர்தல் நாள் மாலை ஃபுளோரிடாவில் வாக்குப்பதிவு முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சிகள் அறிவித்தபோது அங்கே இன்னும் ஒரு மணி நேரம் மீதமிருந்தது.

1876இல் எல்லைக்கோடு அன்றி மாநிலம் பிறந்த நாளே முடிவோடு பிணைந்திருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 1 அன்று மாநிலமான கொலராடோவின் மூன்று தேர்வாளர்களும் அதிபர் வேட்பாளர் ஹேய்ஸுக்குச் சென்றார்கள். அவர் எதிர் வேட்பாளர் டில்டனை 185க்கு 184 என்ற தேர்வாளர் கணக்கில் வென்றார்.

ஆனால் இந்தக் கணக்கைப் போடுகிறவர்களில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். கோட்டை நகர்த்தினால் அதற்குள் வாழும் மக்கள் மறைந்துவிடுவதில்லை; அவர்கள் அடுத்த மாநிலத்தில் வாக்களிப்பார்கள். 1818இல் இலினாயின் பிரதிநிதியாக இருந்த நத்தானியல் போப் அதன் வட எல்லையை மேலே தள்ளியிராவிட்டால் சிகாகோ இன்று விஸ்கான்சினில் இருந்திருக்கும். எனவே 1960இல் கென்னடி தோற்றிருப்பார் என்கிறார்கள். இலினாயை அவர் வென்றது 8,858 வாக்குகளில்தான் என்பது உண்மையே. ஆனால் அதன் 27 தேர்வாளர்களை அடியோடு கழித்தாலும் அவரிடம் 276 இருந்திருக்கும். அன்று தேவைப்பட்டது 269. அது மட்டுமன்று, சிகாகோவை உள்ளடக்கிய குக் மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னிலை, எதிர் வேட்பாளர் நிக்சன் சுமார் 64,000 வாக்குகளில் வென்ற விஸ்கான்சினையே கென்னடியின் பக்கம் திருப்பியிருக்கக்கூடும்.

எல்லை மாறியிருந்தால் நூறாண்டு அரசியலும் வேட்பாளர்களும் மாறியிருப்பார்கள் என்ற மறுப்பு நியாயமானது. ஆகவே கோர் அதிபராகியிருப்பார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. நான் வலியுறுத்துவது வேறொன்று. 537 வாக்குகளுக்கு 25 தேர்வாளர்களை அள்ளிக்கொடுத்தது எல்லைக்கோடு அன்று. மாநிலத்தில் முந்துபவருக்கே அனைத்தும் என்ற விதி. அந்த விதி அமெரிக்க அரசியலமைப்பில் இல்லை. தேர்வாளர்களை எவ்வாறு நியமிப்பது என்பதை அரசியலமைப்பு ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்திடமும் விட்டிருக்கிறது. 48 மாநிலங்கள் தாமாக இவ்வழியில் நிற்கின்றன. 1972 முதல் மெயினும் 1992 முதல் நெப்ராஸ்காவும் இரண்டு தேர்வாளர்களை மட்டும் மாநில வெற்றியாளருக்கு அளித்து, மற்றவர்களைத் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கின்றன. ஓர் எல்லையை மாற்றத் தொடர்புடைய மாநிலச் சட்டமன்றங்களும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசும் ஒப்ப வேண்டும். இந்த விதியை மாற்ற ஒரு மாநிலம் தானே இயற்றும் சட்டம் போதும்.