சைக்கிள் அக்கா பதில்கள்

(ஆதம்பாக்கத்திலிருந்து திருவான்மியூரில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வருடக்கணக்காகச் சைக்கிளிலேயே போய் வருகிற லேப் டெக்னீஷியன், சைக்கிளில் வேலைக்குப் போவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஆர்.வி., மடிப்பாக்கம்

அக்கா, ஆபீஸ் டைடல் பார்க் பக்கம். ஆசையாகச் சைக்கிள் வாங்கிவிட்டேன். காலை நேர வேளச்சேரியை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. வீட்டில், "இந்த ஊரில் சைக்கிளா? புத்தி பிசகிவிட்டதா?" என்கிறார்கள். போகலாமா?

தாராளமாகப் போகலாம் தம்பி. ஆனால் பைக்கில் போன அதே ரோட்டில் போகாதீர்கள். பயந்துபோய் நாலு நாளில் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே சாத்திவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பைக்குக்கு அகலமான ரோடு வேண்டும். சைக்கிளுக்கு வேகம் குறைந்த ரோடு வேண்டும். ஸ்கூல், பிள்ளையார் கோயில், காய்கறிக் கடை, வேகத்தடை எல்லாம் இருக்கிற தெரு பைக்காரருக்குத் தலைவலி, நமக்கு ராஜபாட்டை. போன் காட்டுகிற வழியை நம்பாதீர்கள். அது சீக்கிரம் போகிற வழியைக் காட்டும், நிம்மதியாகப் போகிற வழியைக் காட்டாது.

நீங்கள் கூட்ரோடு சுற்றி மெயின் ரோட்டைப் பிடிக்க வேண்டாம். மெட்ரோ தடுப்புக்கு நடுவில் பஸ்ஸோடும் தண்ணி லாரியோடும் மல்லுக்கு நிற்க நமக்கென்ன தலையெழுத்தா? ராம் நகர் உள்தெருக்கள் வழியாகக் கைவேலிக்கு வாருங்கள். தாம்பரம் ரோட்டைக் கடக்கும்போது இறங்கித் தள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள். இறங்கிவிட்டால் நாமும் நடந்து போகிறவர்தான், இந்தச் சலுகை வேறு எந்த வண்டிக்கும் கிடையாது. விஜயநகரில் மேம்பாலத்தில் ஏறாமல் கீழேயே போங்கள். தரமணி லிங்க் ரோட்டில் மட்டும் கொஞ்சம் தைரியம் வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். ரோட்டில் திரும்பிவிட்டால் மூச்சு விடலாம்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆபீஸ் பையோடு இதே வழியில் போய்ப் பாருங்கள். எங்கே பள்ளம், எங்கே மேன்ஹோல் மூடி ரோட்டு மட்டத்துக்குக் கீழே அமுங்கிக் கிடக்கிறது, எங்கே மழைநீர் வடிகால் கம்பி நம் டயர் போகும் திசையிலேயே நீளமாக இருக்கிறது, எல்லாம் மனசில் பதியும். நம் ஊரில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, மூடிகள் கிணறு ஆகிவிட்டன. அப்புறம் நேரம். ஏழேகாலுக்குக் கிளம்புகிறவருக்கும் எட்டரைக்குக் கிளம்புகிறவருக்கும் ஊரே வேறு.

ஓட்டும்போது ரோட்டு ஓரத்தை ஒட்டி ஒட்டிப் போகாதீர்கள். மணல், ஜல்லி, உடைந்த பாட்டில் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். நின்றிருக்கிற கார் பக்கத்தில் ஒரு கதவு திறக்கிற அளவு இடம் விட்டே போங்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பின்கண்ணாடி வழியாக ஒரு பார்வை போதும். பஸ் நம்மைத் தாண்டிப் போய் ஸ்டாப்பில் இடப்பக்கம் ஒடிக்கும். அதற்கும் நடைபாதைக்கும் இடையில் நுழையவே கூடாது, பின்னால் நில்லுங்கள். ஷேர் ஆட்டோ விஷயத்தில் ஆட்டோவைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, ரோட்டோரம் நிற்கிறவரின் கையைப் பாருங்கள். கை உயர்ந்தால் ஆட்டோ நிற்கும், இண்டிகேட்டர் எல்லாம் அப்புறம்தான்.

வீட்டில் சொல்வதைச் சொல்லட்டும். பெட்ரோல் பில் குறைகிறபோது பேச்சும் குறையும்.

ஜி. பி., மந்தைவெளி

பேங்க்கில் வேலை. புடவையில்தான் போக வேண்டும். வியர்வையில் தெப்பமாக நனைந்து போய்க் கவுண்ட்டரில் உட்கார முடியுமா அக்கா?

முடியாது. நானும் உட்கார மாட்டேன். பழைய சுடிதாரில் போய், அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு புடவையை பீரோவில் வைத்துவிட்டால் தினமும் சுமக்கவும் வேண்டாம். போய்ச் சேர்ந்த உடனே முகம் கழுவி மாற்றாதீர்கள், பத்து நிமிடம் ஃபேனுக்கடியில் சும்மா இருங்கள். சைக்கிளை நிறுத்திய பிறகுதான் வியர்வை உண்மையில் கொட்டும். அது அடங்கிய பிறகு ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டால் குளித்த மாதிரி இருக்கும். முதுகில் பை மாட்டாதீர்கள். பாதி வியர்வை அந்தப் பையால்தான். கேரியரில் கட்டுங்கள், இல்லையென்றால் முன்னால் கூடை.

துப்பட்டா பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சுப் போடுங்கள், அல்லது பையில் வையுங்கள். பறக்கவிட்டால் சக்கரத்தில் சுற்றிக் கழுத்தை இழுக்கும்.

இன்னொன்று, காற்று. மே, ஜூன், ஜூலையில் காலையில் மேற்கேயிருந்து தரைக்காற்று அடிக்கும், மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கேயிருந்து உள்ளே வரும். மேற்கே வீடு, கடற்கரைப் பக்கம் வேலை என்று இருக்கிற என்னைப் போன்றவர்களுக்குப் போகும்போதும் வரும்போதும் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற காற்று. அடையாறில் வீடு, கிண்டியில் வேலை என்றால் இரண்டு வேளையும் எதிர்காற்று. பாவம், அவர்களுக்கு என் அனுதாபம். உங்கள் பேங்க் எந்தத் திசையில் என்று நீங்கள் எழுதவில்லை.

கே. எஸ்., பெரம்பூர்

கடையில் 21 கியர் வண்டியை வாங்கச் சொல்கிறார்கள். கியர் அவசியமா?

சென்னையில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். வேலைக்குப் போக 21 கியர் வேண்டாம். கியர் இல்லாமலே ஓட்டலாம், ஆறேழு இருந்தால் எதிர்காற்றுக்கு உதவும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: மட்கார்டு இருக்கிறதா, கேரியர் இருக்கிறதா, செயின் கவர் இருக்கிறதா, ஸ்டாண்டு இருக்கிறதா. இப்போது வருகிற ஸ்டைல் வண்டிகளில் இந்த நாலும் இருக்காது, தனியாகக் காசு கேட்பார்கள். மட்கார்டு இல்லாமல் மழைநாளில் ஒரு தடவை போனால் முதுகில் சேற்றுக்கோடு விழும்.

வால்வையும் பாருங்கள். பைக் டயருக்கு இருக்கிற மாதிரி வால்வு என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று பிடிக்கலாம். ஒல்லியாக நீண்ட வால்வு என்றால் அதற்கென்று தனி மூக்கு வேண்டும், தெருமுனைக் கடையில் முழிப்பார்கள். கம்ப்ரசரில் காற்று பிடிக்கும்போது விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஒரே அமுக்காக அமுக்கினால் டியூப் வெடித்துவிடும்.

உங்கள் பெரம்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் அம்பத்தூரில்தான் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அவர்களுடையது. அந்தப் பக்கத்துப் பழைய மெக்கானிக் யாராவது கிடைத்தால் வண்டி வாங்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள்.

எம்., சைதாப்பேட்டை

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது நாய்கள் துரத்துகின்றன.

வேகமாக மிதித்தால் இன்னும் துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். ஓடாத ஆளிடம் அதற்குச் சுவாரசியம் போய்விடும். கடித்துவிட்டால் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி. மஞ்சள், மிளகாய் எதையும் வைத்துக் கட்டாதீர்கள். லேபில் இருக்கிறவள் சொல்கிறேன்.

டி. ஆர்., கொளத்தூர்

மழைக்காலத்தில் என்ன செய்கிறீர்கள்?

தூறலில் போவேன், தண்ணீர் தேங்கினால் போக மாட்டேன். ரோட்டின் தரை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அதில் சக்கரத்தை இறக்கக் கூடாது. கீழே வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் இருக்கலாம், மூடி இல்லாத குழி இருக்கலாம். கணேசபுரம், துரைசாமி, அரங்கநாதன் சுரங்கப்பாதைகளைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பெரிய மழை என்றால் அன்றைக்கு ரயில். ஈரத்தில் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்க நேரம் எடுக்கும், அதனால் முன்கூட்டியே பிடியுங்கள். தொளதொள ரெயின்கோட் பெடலில் மாட்டும், இடுப்பு வரைக்கும் இருப்பதே நல்லது. பின்னால் ஒரு சிவப்பு லைட் விட்டு விட்டு எரியட்டும், பகலிலும்.

2023 டிசம்பர் புயல் மழையில் எங்கள் பக்கம் சைக்கிள்கள் அச்சு வரை தண்ணீரில் நின்றன. மழை வடிந்ததும் பலரும் துடைத்துவிட்டு அப்படியே ஓட்ட ஆரம்பித்தார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடையில் என் வண்டியின் பின் சக்கரத்து அச்சைக் கழற்றிக் காட்டினார்கள். உள்ளே கிரீஸ் பாலும் டிகாக்‌ஷனும் கலந்த நிறத்தில் கரைந்து ஒழுகியது. பால்ரஸ் குண்டுகளைத் துணியில் துடைத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தால் பளபளப்பு போய், சிலவற்றில் புள்ளி புள்ளியாகத் துரு. நல்லது நாலு, கெட்டது ரெண்டு என்று பொறுக்காமல் ஒரு பக்கத்துக் குண்டுகள் எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொன்னேன். ஒன்று சின்னதாகத் தேய்ந்திருந்தாலும் பாரம் மற்றவற்றின் மேல் விழும். ஆகவே தண்ணீரில் நின்ற வண்டியை முழு ஓவராயிலுக்கு விடுங்கள், பெடல் அச்சையும் சேர்த்து.

கடற்கரைப் பக்கம் நிறுத்துகிறவர்களுக்கு மழையே வேண்டாம், உப்புக்காற்று போதும், செயின் சிவந்துவிடும். பழைய பனியன் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்குப் பிடித்து மணலை இழுக்கும்.

பெயர் வேண்டாம், துரைப்பாக்கம்

எங்கள் கம்பெனி செக்யூரிட்டி, "சைக்கிளுக்கு இடம் இல்லை, வெளியே விடுங்க" என்கிறார். கார் நிறுத்த மட்டும் மூன்று தளம் இருக்கிறது.

செக்யூரிட்டி அண்ணனிடம் சண்டை போடாதீர்கள், அவருக்கு மேலே இருக்கிறவர் சொன்னதை அவர் சொல்கிறார். நிர்வாகத்துக்கு மெயில் போடுங்கள். கூடவே, சைக்கிள் ஓட்டுகிற ஹவுஸ்கீப்பிங், கேண்டீன் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் அவர்கள்தான் நம்மைவிட அதிகம், கேட்கத்தான் ஆள் இல்லை. ஒரு கார் நிற்கிற இடத்தில் எட்டு, பத்து சைக்கிள் நிற்கும் என்று போட்டோவோடு காட்டுங்கள். எனக்கும் ஒரு பழைய வேலையில் இதே கதை. ஜெனரேட்டர் பக்கத்து மூலை கிடைத்தது. வெயில் படாத மூலை, கார்களுக்குக் கிடைத்ததைவிட நல்ல இடம்.

ஏ. என்., அண்ணா நகர்

மாநகராட்சி சைக்கிளுக்கென்று ஏதாவது செய்கிறதா?

2014இல் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையே ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் இருக்கிறது. நடைபாதைகள் பல ரோடுகளில் அகலமாகின, 2019இல் பாண்டி பஜாரும் மாறியது, அதை மறுக்க மாட்டேன். சைக்கிளுக்குக் கிடைத்தது? அங்கங்கே கொஞ்சம் பெயிண்ட், அதன் மேல் நிறுத்திய கார். தமிழ்நாடு அரசோ பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. அந்தப் பிள்ளைகள் அதை எந்த ரோட்டில் ஓட்டுவார்கள் என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். நான் எங்கள் வார்டில் கேட்டிருக்கிறேன், எழுதிக்கொண்டார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், குரோம்பேட்டை

முழங்கால் வலி உண்டு. பார்ட் டைம் வேலைக்கு எலெக்ட்ரிக் சைக்கிளில் போகலாமா அம்மா? லைசென்ஸ் வேண்டுமா?

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்றால் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம் சார். கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இப்போது இருக்கிற சைக்கிளின் சீட்டைப் பாருங்கள். கால் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று நம் ஆட்கள் சீட்டைத் தாழ்த்தியே வைப்பார்கள், முழங்கால் மடிந்தபடியே மிதித்து மிதித்து வலி எடுக்கும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அந்த உயரத்துக்கு ஏற்றுங்கள். நிற்கும்போது சீட்டிலிருந்து இறங்கி நில்லுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தும் வலி குறையவில்லை என்றால் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு மோட்டார் வாங்குங்கள்.