பாட்டிலைப் பார்த்தாலே ஓடும் நாய்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்குக் காதில் பூஞ்சை. டாக்டர் தந்த சொட்டு மருந்தை எடுத்தாலே கட்டிலுக்கடியில் ஒளிகிறது. என்ன செய்வது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் ஊர்க் குளிரில் மருந்து ஜில்லென்றிருக்கும். புண்ணான காதில் அது விழுந்தால் எந்த நாயும் துள்ளத்தான் செய்யும், பாவம். பாட்டிலை 5 நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வையுங்கள். வெந்நீரில் போட வேண்டாம்.

நேருக்கு நேர் குனிந்தால் மிரளும். பின்னால் மண்டியிட்டு, முழங்கால்களுக்கு நடுவே உட்கார வையுங்கள். முன்னால் ஒருவர் கரண்டியில் தயிரை நக்கக் கொடுக்கட்டும். காது மடலை மேல்நோக்கிப் பிடித்து, பாட்டில் நுனி காதில் படாமல் டாக்டர் சொன்ன அளவு விடுங்கள். நாயின் காதுக்குழாய் ‘ட’ போலக் கீழிறங்கி உள்ளே திரும்புவது. அதனால் காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் பிசைய வேண்டும். சளக் சளக்கென்று கேட்டால் மருந்து உள்ளே இறங்குகிறது. அதற்குமுன் தலையை உதறவிட்டால் தெறித்துவிடும். பிறகு தாராளமாக உதறட்டும். வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் கூடவே கூடாது, அழுக்கை உள்ளே தள்ளிவிடும்.

அரிப்பு நின்றாலும் டாக்டர் சொன்ன நாள் வரை மருந்தை விடுங்கள். தலையைச் சாய்த்தே வைத்திருந்தாலோ நடை தள்ளாடினாலோ, மருந்தை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், செவிப்பறை கிழிந்திருக்கலாம்.